குடியிருப்போர் உண்டு

என் பேரு தங்கபுஷ்பம். வனவர் உத்தியோகம். கடற்கரை ஊர்ல, கருவாட்டு வாசத்துல வளர்ந்தவளைத் தூக்கிக் கொண்டுபோய் சேம்படி மலையில போட்டு இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. கோவம் எனக்கு மூக்கு நுனியில இருக்கும். இந்தக் கதையில நான் யார் யார்கிட்ட கத்தினேன்னு எல்லாத்தையும் சொல்ல ஆரம்பிச்சா முடியாது, அதனால முக்கியமான கத்தலை மட்டும் சொல்றேன்.

முதல் கத்தல் முத்தரப்பு ஒப்பந்தம் கையெழுத்தான அன்னிக்கு.

எங்க காப்புக்காட்டுக்குள்ள ஒரு பாறைச் சரிவு. அதுல பதினோரு கல்திட்டை இருக்கு. நாலு பக்கமும் பலகைக்கல்லை நிறுத்தி, மேல ஒரு பெரிய கல்லைப் போட்டு மூடியிருப்பாங்க. முன்பக்கக் கல்லுல ஒரு தலை நுழையிற அளவுக்கு வட்டமா ஒரு துளை. ரெண்டாயிரம் மூவாயிரம் வருஷத்துக்கு முந்தி, செத்தவங்களுக்காகக் கட்டினதுன்னு தொல்லியல்காரங்க சொல்றாங்க. நாலாவது திட்டைக்குள்ள காவிக் கல்லால வரைஞ்ச படம்கூட உண்டு, ஏழு பேர் கைகோத்து நிப்பாங்க. பக்கத்துல இருக்கிற வரையடிக்குடி ஆளுங்க இதைக் கல்திட்டைன்னு சொல்றதில்லை. பழையவங்க வீடுன்னு சொல்வாங்க.

இதைக் காப்பாத்தத்தான் ஒப்பந்தம். காட்டுக்கு நான். கல்லுக்குத் தொல்லியல் அலுவலர் சிராஜுதீன், இருபத்தொன்பது வயசுப் பையன், கழுத்துல எப்பவும் அளவு நாடா மாலை மாதிரி தொங்கும். குடியிருப்புக்கு வனக்குழுத் தலைவி செம்பாயி. என்னைவிடப் பத்து வயசு சின்னவ, வாய் மட்டும் என்னைவிடப் பத்து மடங்கு பெருசு.

"மேடம், முதல்ல சுத்தி இரும்பு வேலி போட்டுடணும்" அப்படின்னான் சிராஜ்.

"யானைக்கு முதுகு சொறிய வசதியா இருக்கும்னா போடுங்க தம்பி" அப்படின்னேன்.

செம்பாயி ரொம்பக் கவலையா கேட்டா: "வேலிக்கு வாசல் எந்தப் பக்கம் சார் வைப்பீங்க?"

"வாசலே கிடையாதும்மா."

"அப்ப அவங்க எப்படி வெளியில வருவாங்க?"

"யாரு?"

"வீட்டுக்காரங்க."

சிராஜ் என்னைப் பார்த்தான். நான் விட்டத்தைப் பார்த்தேன். அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் மூணு பேரும் மாத்தி மாத்திக் கத்தி, கடைசியில ஒரு முடிவுக்கு வந்தோம். நிலம் என்னோட பொறுப்பு, கல்லு சிராஜோட பொறுப்பு, கல்லுக்குள்ள இருக்கிறவங்க செம்பாயியோட பொறுப்பு. வேலி கிடையாது. மூணு பேரும் சேர்ந்து புதரா மண்டுற உண்ணிச்செடியை வெட்டணும், சருகைக் கூட்டணும், மழைத்தண்ணியைத் திருப்பி விடணும்.

ஒப்பந்தத்துல ஏழாவது விதின்னு ஒண்ணு இருந்துச்சு. மூணு தரப்புல யாராவது ஒருத்தர் பொய்ப் பதிவு செஞ்சது தெரிஞ்சா, ஒப்பந்தம் ரத்து. பதினோரு திட்டையையும் கல்லு கல்லாப் பிரிச்சு, நம்பர் போட்டு, கீழே டவுன் பூங்காவுல கொண்டுபோய் நட்டுடுவாங்க, ஊஞ்சலுக்கும் சறுக்கு மரத்துக்கும் நடுவுல. நாம எங்க பொய்ப் பதிவு செய்யப்போறோம்னு மூணு பேரும் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டோம்.

அந்த வருஷம்தான் மலைக்குத் தும்பி வந்துச்சு.

தும்பின்னா தீயணைக்கிற பறக்கும் இயந்திரம். எங்க சரகத்துக்கு ஆறு கொடுத்தாங்க. ஒவ்வொண்ணும் ஒரு மாட்டுக்கன்னு அளவு, வயித்துல தண்ணிப் பை. காட்டுல தீ வந்தா தடுப்பணையில தண்ணியை மொண்டு, பறந்து போய் ஊத்தும். ஆறுக்கும் சேர்த்து ஒரே மூளை, அது எங்க ஆபீஸ் மாடியில ஒரு பெட்டிக்குள்ள இருந்துச்சு. எங்க ஊத்தணும், எதை விடணும்னு அதுவே முடிவு பண்ணும். மனுஷன் முடிவு பண்ணினா தெரிஞ்சவன் வீட்டுக்குத்தான் முதல்ல தண்ணி போகும்னு யாரோ விவரமான ஆள் யோசிச்சிருக்காங்க.

அதோட வரிசையைப் படிச்சுட்டு சிராஜ் ஓடி வந்தான். முகமெல்லாம் வேர்வை.

"மேடம், இந்த வரிசையைப் பார்த்தீங்களா? முதல்ல ஆள் இருக்கிற வீடு. அடுத்தது ஆள் இல்லாத வீடு. அப்புறம் அரசுக் கட்டடம், தேக்குத் தோட்டம், மின்கம்பம், பாலம்..."

"சரி, நம்ம கல்லு எங்க?"

"கடைசியில. 'இதர'."

"இதரன்னா?"

"பழைய குப்பைத்தொட்டி, உடைஞ்ச மைல்கல், கல்திட்டை."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "கல்லு தானே தம்பி, தீ என்ன செஞ்சிடும்?"

"அப்படி நினைக்காதீங்க மேடம். நல்ல சூடு ஏறினா கல்லு அப்பளம் மாதிரி தட்டுத் தட்டா உரிஞ்சிடும். மேல்கல்லு ரெண்டாப் பிளந்து விழும். நாலாவது வீட்டுப் படம் ஒரே நாள்ல போயிடும்." அவனே 'வீடு'ன்னு சொன்னதை நான் கவனிச்சேன். காட்டிக்கலை.

மேல எழுதினோம். கல்திட்டையை வரிசையில மேல ஏத்துங்கன்னு மூணு பேரும் கையெழுத்துப் போட்டு எழுதினோம். கிணத்துல போட்ட கல்லுதான். திரும்ப எழுதினோம். 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது'ன்னு ஒரு பதில். பதினாலு மாசம் அது பரிசீலனையிலேயே படுத்திருந்துச்சு.

இப்படி இருக்கும்போது மாசி மாசம் வீட்டுக் கணக்கெடுப்பு வந்துச்சு. தீக்காலத்துக்கு முன்னாடி மலையில எத்தனை வீடு, எதுல ஆள் இருக்குன்னு தும்பிக்குச் சொல்லணும். அதுக்கு, தும்பியோட பேசவும் உதவுற ஒரு கைமிஷின் கொடுத்திருந்தாங்க. நாம ஒண்ணும் எழுத வேண்டாம். வீட்டு வாசல்ல நின்னு பேசினாப் போதும், அதுவே காது கொடுத்துக் கேட்டுப் படிவத்தை நிரப்பிக்கும். கடைசியில 'சரியா?'ன்னு கேட்கும். 'ஆம்'னு அழுத்தணும்.

வரையடிக்குடியில நாப்பத்தியொரு வீடு முடிச்சுட்டு, நானும் செம்பாயியும் பாறைச் சரிவு வழியா இறங்கினோம். காட்டு உண்ணி ஏறி எனக்கு உடம்பெல்லாம் அரிப்பு. மிஷினை அணைக்க மறந்துட்டேன், அது என் இடுப்புல தொங்கிக்கிட்டே வந்துச்சு.

வரையடிக்குடியில ஒரு வழக்கம் உண்டு. பழையவங்க வீட்டைத் தாண்டிப் போறவங்க சும்மா போகக்கூடாது. துளைக்கு நேரா குனிஞ்சு, "வீட்டுல ஆளு இருக்கா?"ன்னு கேட்கணும். உள்ள இருந்து பதில் வராது இல்லையா, அதனால கேட்டவங்களே கொஞ்சம் குரலை மாத்தி, "இருக்கோம், போயிட்டு வா"ன்னு பதிலும் சொல்லிக்கணும். செம்பாயி பதினோரு வீட்டுக்கும் பதினோரு குரல்ல சொல்லுவா. மூணாவது வீட்டுக்குக் கரகரப்பு, எட்டாவதுக்கு மூக்கால பேச்சு. அவ பேசுறதைக் கேட்டா அங்க ஒரு தெருவே குடியிருக்குன்னு தோணும்.

சாயங்காலம் ஆபீஸ்ல வந்து உக்காந்து மிஷினைப் பார்த்தா, 'மொத்த வீடுகள்: ஐம்பத்திரண்டு'ன்னு காட்டுது.

நாப்பத்தியொண்ணு எப்படி அம்பத்திரெண்டு ஆச்சுன்னு கீழ தள்ளிப் பார்த்தேன். நாப்பத்திரெண்டுல இருந்து அம்பத்திரெண்டு வரைக்கும் புது வீடு. சுவர்: கல். கூரை: கல். மின் இணைப்பு: இல்லை. கதவு எண் ஒண்ணுல இருந்து பதினொண்ணு. ஒவ்வொண்ணுக்கும் கடைசி வரி ஒரே மாதிரி: 'குடியிருப்போர் உண்டு.'

கீழ கேட்டுச்சு: 'சரியா? ஆம் / இல்லை.'

உண்மையைச் சொல்றேன். நான் முழுசாப் படிச்சேன். தனியா உக்காந்து வயிறு வலிக்கச் சிரிச்சேன். அப்புறம் அந்தப் பதினாலு மாசக் கடுதாசியை நினைச்சேன். 'ஆம்'னு அழுத்திட்டு வீட்டுக்குப் போய் வேப்பெண்ணெய் தடவிக்கிட்டுப் படுத்துட்டேன்.

பங்குனி பதினெட்டாம் தேதி, உச்சி வெயில்ல, மேற்குச் சரிவுல தீ பிடிச்சுச்சு.

காத்து எங்க பக்கம் திரும்பினதும் முதல்ல ஜனங்களைக் கிளப்பினோம். எல்லாரும் தடுப்பணைக்கு வந்து சேர்ந்தாங்க. செம்பாயி தலையில தகரப்பெட்டி, ரெண்டு கையிலயும் நாலு கோழி. நான் தலைகளை ரெண்டு தடவை எண்ணினேன், ஒண்ணுகூடக் குறையலை. குடியிருப்புல நாப்பது வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், ஓட்டு வீடு, தீ அங்க தாண்டாது. இந்தப் பக்கம் சரிவுல இருந்தது ஒரே ஒரு புல்வீடு. செம்பாயி வீடு.

தீ ரெண்டு நாக்கா பிரிஞ்சுச்சு. ஒண்ணு செம்பாயி வீட்டைப் பார்த்து, இன்னொண்ணு பாறைச் சரிவைப் பார்த்து. ஆறு தும்பியில ஒண்ணு கழுகு கொத்தி ரிப்பேருக்குப் போயிருந்துச்சு. மீதி அஞ்சும் தண்ணியை மொண்டுக்கிட்டு எழும்பின வேகத்துல, நேரா பாறைச் சரிவுக்குப் போச்சு. அஞ்சும்!

நான் மிஷினை வாய்க்கிட்ட வச்சுக் கத்தினேன்: "எங்க போற? செம்பாயி வீடு இந்தப் பக்கம்!"

தும்பிக்குச் செய்தி வாசிக்கிறவங்க மாதிரி நிதானமான குரல். "அந்த வீட்டில் தற்போது ஆள் இல்லை. கதவு எண் ஒன்று முதல் பதினொன்று வரை உள்ள வீடுகளில் ஆள் உண்டு என்று பதிவு. ஐந்து தும்பிகளால் ஓர் இடத்தை மட்டுமே காக்க முடியும். பதிவு தவறா? ஆம் / இல்லை."

சிரிச்சுக்கிட்டே அழுத்தின ஒரு பொத்தான், இப்ப ஒருத்தி வீட்டைக் கேட்குது. 'ஆம், தவறு'ன்னு அழுத்தினா தும்பி இங்க திரும்பும், அந்தக் கல்லெல்லாம் வெடிக்கும். அழுத்தலைன்னா செம்பாயி வீடு போகும். அவ என் பக்கத்துலதான் நிக்கிறா, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு.

"செம்பாயி, நான் தப்புப் பண்ணிட்டேன். இதோ மாத்திடுறேன்." விரல் பொத்தான் மேல போயிடுச்சு.

அவ கோழியைக் கீழ போட்டுட்டு என் மணிக்கட்டைப் பிடிச்சா. கோழி நாலும் ஆளுக்கொரு பக்கம் ஓடுச்சு.

"விடுங்கக்கா."

"அடி பைத்தியக்காரி, உன் வீடு!"

"என் கூரையை நான் ஐப்பசியில புல்லு வெட்டி மேஞ்சுக்குவேன். அவங்க கூரையை யாரு மேயுறது?"

இதைச் சொல்லிட்டு அவ சிரிக்கலை. கண்ணு நிறைஞ்சு வழியுது, பிடியை மட்டும் விடலை. இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்ல நான் யாருக்கும் சலாம் வச்சு மனசு நிறைஞ்சதில்லை. அன்னிக்கு வச்சிருக்கணும். தோணலை. ரெண்டு பேரும் பச்சைக் கொப்பை ஒடிச்சுக்கிட்டுப் புல்வீட்டைப் பார்த்து ஓடினோம். சிராஜ் எங்கிருந்தோ வந்து சேர்ந்துக்கிட்டான், அளவு நாடாவோட. மூணு பேரும் அதால தீயை அடிச்சு அணைக்கப் பார்த்தோம். ஆட்டுக்கொட்டகையைக் காப்பாத்தினோம். வீடு போயிடுச்சு.

சாயங்காலம் தீ அடங்கி, புகை அடிக்கிற சரிவுல போய்ப் பார்த்தா, சுத்தி எல்லாம் கருகிக் கிடக்க, நடுவுல ஒரு பச்சைத் தீவு மாதிரி பதினோரு வீடும் ஈரம் சொட்டச் சொட்ட நிக்குது. சிராஜ் நாலாவது வீட்டுத் துளைக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தான். "ஏழு பேரும் இருக்காங்க மேடம்!"னு கத்தினான். கத்திட்டு அங்கேயே உக்காந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

மூணு வாரம் கழிச்சு விசாரணை வந்துச்சு. வராம இருக்குமா?

விசாரணை அலுவலர் பேரு கோதண்டபாணி. ஒல்லியான மனுஷன். சொந்த ஃபிளாஸ்க்ல சொந்தக் காபி. குரங்குக்குப் பயந்து ஜீப்பை விட்டு இறங்கவே கால் மணி நேரம் ஆச்சு. கெட்டவர்னு சொல்ல மாட்டேன். ஒரு காகிதத்தைக்கூட படிக்காமப் புரட்டலை.

சரக ஆபீஸ்ல மேஜைக்கு அந்தப் பக்கம் அவரு. இந்தப் பக்கம் நாங்க மூணு பேர். நடுவுல தும்பியோட மூளைப்பெட்டி, மாடியில இருந்து இறக்கிக் கொண்டுவந்து வச்சிருந்தாங்க.

"ஆள் இல்லாத கல்திட்டைகளை, ஆள் இருக்கிற வீடுன்னு பதிவு செஞ்சிருக்கீங்க. படிச்சுப் பார்க்காம அழுத்திட்டீங்களா?"

அவரே ஒரு வழி காட்டுறாருன்னு புரிஞ்சுச்சு. 'ஆமா சார், உண்ணிக்கடி, அவசரத்துல கவனிக்கலை'ன்னு சொல்லியிருந்தா தவறுன்னு போயிடும். பொய்ப் பதிவு ஆகாது. கல்லும் பிழைக்கும். ஆனா அந்தப் புல்வீட்டுச் சாம்பலைப் பார்த்தப்புறம் எனக்குப் பொய் சொல்ல வாய் வரலை.

"படிச்சேன் சார். சிரிச்சேன். அழுத்தினேன்."

சிராஜ் துள்ளி எழுந்தான். "சார், தப்பு என்னோடது. வீட்டுக்குத்தான் முதல் தண்ணின்னு இவங்களுக்குச் சொன்னதே நான்."

"யோவ், உக்காருய்யா" அப்படின்னா செம்பாயி. "சார், குரல் என்னோடது. பதினோரு குரலும் நான்தான் பேசினேன். வேணும்னா இப்பவே பேசிக் காட்டுறேன்."

கோதண்டபாணி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "முத்தரப்பு ஒப்பந்தம் நிறையப் பார்த்திருக்கேன். எல்லா இடத்துலயும் என் பொறுப்பு இல்லை, அவர் பொறுப்புன்னுதான் சொல்வாங்க. இப்படி முண்டியடிச்சுப் பழியை ஏத்துக்கிறதை நான் பார்த்ததில்லை." அப்புறம் செம்பாயி பக்கம் திரும்பினாரு. குரல் மெதுவாச்சு. "அம்மா, இந்தப் பதிவால உங்க வீடு எரிஞ்சு போச்சு. இவங்க மேல புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு."

"எதுக்கு சார் புகார்? ஆள் இல்லாத வீட்டை விட்டுட்டு, ஆள் இருக்கிற வீட்டுக்குத் தண்ணி ஊத்தினது நியாயம்தானே?"

"அங்க ஆள் இல்லையேம்மா. அதுதானே இங்க பிரச்சினை. இன்னைக்கு உங்க காலி வீடு போச்சு. உங்க வீட்டுல ஒரு குழந்தை தூங்கிட்டு இருந்து, அது கணக்குல விட்டுப் போயிருந்தா? இந்தக் கல்லுக்குத் தண்ணி போயிருந்தா?"

அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. மூணு வாரமா சோத்துல கை வைக்கும்போதெல்லாம் எனக்குள்ள கேட்டுக்கிட்டு இருந்ததும் அதே கேள்விதான். தலைகளை ரெண்டு தடவை எண்ணினேன்கிறது ஒண்ணுதான் எனக்கு இருந்த ஆறுதல்.

அவரு பெட்டி பக்கம் குனிஞ்சாரு. "தும்பி, உனக்குச் சூடு பார்க்கிற கண்ணு இருக்கு. பதிவை மட்டும் நம்பிக்கிட்டா தண்ணி ஊத்தின?"

"இல்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும் என்பது விதி. 'வீட்டில் ஆள் இருக்கிறீர்களா' என்று பதினோரு வீடுகளிலும் கேட்டேன்."

"பதில் வந்துச்சா?"

"வந்தது."

சிராஜ் என் கையைப் பிடிச்சுக்கிட்டான்.

"யாரு சொன்னது?"

"நான். அந்த வீடுகளில் கேட்பவரே பதிலும் சொல்வது வழக்கம் என்று கணக்கெடுப்பு ஒலிப்பதிவில் இருந்தது. எனவே 'இருக்கோம், போயிட்டு வா' என்று பதினோரு முறை சொன்னேன். எட்டாவது வீட்டில் மூக்கால் சொன்னேன்."

செம்பாயிக்கு அடக்க முடியலை. முந்தானையை வாயில வச்சுக்கிட்டுக் குலுங்குறா. நான் தலையில அடிச்சுக்கிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு. இந்தப் பெட்டியே எங்களைக் குழியில தள்ளிடுச்சுன்னு நினைச்சேன்.

"கேள்வியும் நீ, பதிலும் நீ" அப்படின்னாரு கோதண்டபாணி, ரொம்பப் பொறுமையா. "அப்ப உள்ள யாரும் இல்லை."

"பதில் சொன்ன பிறகு துளை வழியாக உள்ளே பார்த்தேன். பதில் சரியா என்று பார்ப்பதும் விதி. இரண்டாம் வீட்டில் கீரிகள் மூன்று. நான்காம் வீட்டில் முள்ளம்பன்றி, தாயும் இரண்டு குட்டிகளும். ஏழாம் வீட்டில் சருகுமான் ஒன்று, அதன் அருகிலேயே முயல் இரண்டு. ஒன்பதாம் வீட்டில் உடும்பு போன்ற ஓர் உருவம், உறுதியில்லை. தீக்கு அஞ்சி உள்ளே வந்திருக்க வேண்டும். 'குடியிருப்போர்' என்ற சொல்லுக்கு மனிதர் என்று என் படிவத்தில் விளக்கம் இல்லை. வீட்டில் இருந்தார்கள். ஆகவே பதிவைத் திருத்தவில்லை."

அப்புறம் அதுவே சொல்லுச்சு: "மனிதர் இருந்த வேறு வீடு எதுவும் தீயின் வழியில் இல்லை. அதை முதலில் பார்த்தேன். தண்ணீர் எடுக்கும் முன்பே செம்பாயி வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் பார்த்தேன்."

கோதண்டபாணி பேனாவை மூடினாரு. "அந்த இடத்தை நான் பார்க்கணும். மிஷினை ஆன் பண்ணி எடுத்துக்கிட்டு வாங்க. நான் பேசுறதும் பதிவாகட்டும், நாளைக்கு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது."

மத்தியானம் நாலு பேரும் சரிவுல இறங்கினோம். ரெண்டு கோடை மழை பெய்ஞ்சிருந்துச்சு, கருகின தரையில இருந்து மெல்லிசா புல் முளைச்சிருந்துச்சு. வழி நெடுக சிராஜ் அவருக்கு எல்லாத்தையும் விளக்கிக்கிட்டே வந்தான். எந்தக் கல்லு எங்க இருந்து வந்திருக்கும், தண்ணியை எப்படித் திருப்பி விட்டிருக்கோம், உண்ணிச்செடியை எந்த மாசத்துல வெட்டணும். பாதி செம்பாயி சொல்லிக்கொடுத்தது, பாதி நான் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தது. அவன் எல்லாத்தையும் அவனே கண்டுபிடிச்ச மாதிரி சொன்னான். சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டேன்.

செம்பாயி வழக்கம் போல முதல் வீட்டுல ஆரம்பிச்சா. குனிஞ்சு கேட்டா, பதில் சொன்னா. சிராஜ் ரெண்டாவது வீட்டுல கேட்டான். அவனும் குரலை மாத்தித்தான் பதில் சொன்னான், நான் அன்னிக்குத்தான் பார்த்தேன். மூணாவதுல நான்.

நாலாவது வீட்டுக்கு முன்னால கோதண்டபாணி நின்னாரு. எங்களைப் பார்த்தாரு. செம்பாயி துளையைக் கை காட்டினா. வேற வழியில்லாம ஃபிளாஸ்க்கைக் கீழ வச்சுட்டு, முழங்காலைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சாரு.

"வீட்டுல... ஆள் இருக்கீங்களா?"

கேட்டுட்டு நிமிரலை. நிஜ வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி காத்துக்கிட்டு இருந்தாரு.

"சார்" அப்படின்னேன் மெதுவா, "பதிலும் நீங்கதான் சொல்லணும்."

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாரு. "நான் சொன்னா அது பொய்ப் பதிவு ஆயிடாதாம்மா?"

அப்பத்தான் துளைக்குள்ள சலசலன்னு ஒரு சத்தம், முள்ளு முள்ளோட உரசுற சத்தம். இருட்டுக்குள்ள ஏதோ புரண்டு படுத்துச்சு. பயந்து ஓடுவாருன்னு நினைச்சேன், குரங்குக்கே கால் மணி நேரம் எடுத்துக்கிட்ட மனுஷன். அவரு ஓடலை. இன்னும் கொஞ்சம் கிட்டப் போனாரு.

"இருக்கோம்" அப்படின்னாரு. தொண்டையைச் செருமிக்கிட்டு, குரலைக் கொஞ்சம் மாத்தி, "போயிட்டு வாங்க."

என் இடுப்புல மிஷின் 'டிங்'னுச்சு. அவருதான் ஆன் பண்ணி வைக்கச் சொன்னாரே, நாங்க எல்லாரும் மறந்துட்டோம். எடுத்துப் பார்த்தேன். பார்த்துட்டு ஒண்ணும் பேசாம அவர் கையில கொடுத்தேன்.

அவரு கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கிட்டு சத்தமாவே படிச்சாரு: "கதவு எண் நான்கு. சுவர் கல். கூரை கல். குடியிருப்போர் உண்டு. கணக்கெடுத்தவர், விசாரணை அலுவலர் கோதண்டபாணி. சரியா? ஆம், இல்லை."

செம்பாயி அவர் தோளுக்குப் பின்னால இருந்து எட்டிப் பார்த்தா.

அவரு ஒரு தடவை துளையைப் பார்த்தாரு. ஒரு தடவை தூரத்துல, எரிஞ்சு போன இடத்துல செம்பாயி புதுசா நட்டிருந்த நாலு மூங்கில் காலைப் பார்த்தாரு. அப்புறம் மறுபடியும் முதல்ல இருந்து, ஒரு வரி விடாம, முழுசாப் படிச்சாரு.

படிச்சுட்டுச் சிரிச்சாரு. அழுத்தினாரு.